டாக்டர் ஹோவர்டு சாமர்வெல்: பனிமலையும் மருத்துவமனையும்

மலை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் பயிலும் நம் உள்ளத்தே தோன்றுவது குறிஞ்சி நிலமேயாம். கூதிரும் முன்பனியும் அந்நிலத்திற்குரிய பெரும்பொழுது என்று இலக்கண நூலார் வகுத்தனர். ஆயினும் அவர் கண்ட பனி, புல்நுனியில் முத்தெனத் தங்கி, கதிரவன் எழுந்ததும் கரைந்தொழியும் இயல்பினது. இமயத்தின் உச்சியிற் கிடக்கும் வெண்பனியோ அத்தகையதன்று. அது மலைச்சாய்வில் அடுக்கடுக்காய்ப் படிந்து, பாறைபோல் உறுதியுடையது எனத் தோன்றி, ஒரு நொடியிற் பெயர்ந்து, கண்முன் நின்ற மாந்தரை மூடிவிட வல்லது. அதனைப் பனிச்சரிவு என்பர். அச்சரிவில் தம் உடன்வந்தார் எழுவரை இழந்து உயிர்தப்பியவரும், பின்னர்த் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ் வழங்கும் தென்கோடியில் நோயாளர்க்கு ஈந்தவருமாகிய ஒரு பெரியாரின் வரலாற்றையே ஈண்டு நாம் எழுதப் புகுந்தோம். அவரே டாக்டர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல். நெய்யூர் வட்டாரத்தில் இவர் பெயரை அறியாதார் அரியர். ஆனால் இவர் நெய்யூருக்கு வந்த வழி பனிமலையின் வழியே என்பதை அறிந்தார் சிலரே.

சாமர்வெல் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் வடபாலுள்ள கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குடும்பத்தார் பாதரட்சை செய்யும் தொழிலிற் பெயர்பெற்ற செல்வர். ஊரைச் சூழ்ந்து குன்றுகளும் ஏரிகளும் இருந்தமையால் இளமையிலேயே அவருக்கு மலையேறும் வேட்கை உண்டாயிற்று. ரக்பி பள்ளியிற் கற்றபின், கேம்பிரிட்ஜில் கான்வில் - கீயஸ் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்று முதல் வகுப்பில் தேறினார். பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் வைத்தியம் கற்றார். ஓவியமும் இசையும் அவருக்குக் கைவந்த கலைகள். இங்ஙனம் செல்வமும் கல்வியும் கலையும் ஒருங்கே வாய்த்தவர்க்கு இனிய வாழ்வொன்று லண்டன் நகரிற் காத்திருந்தது.

முதல் உலகப்போர் அவ்வாழ்வின் போக்கை மாற்றியது. அவர் படையிற் சேர்ந்து, பிரான்சு நாட்டில் ரணவைத்தியராய்ப் பணியாற்றினார். 1916-ஆம் ஆண்டு சோம் ஆற்றங்கரையில் நிகழ்ந்த பெரும்போரின்போது, அவர் இருந்த கூடாரத்தைச் சுற்றிப் பல ஏக்கர் நிலப்பரப்பில் காயமுற்றோர் படுத்துக் கிடந்தனர். கத்தி ஏந்திய மருத்துவரோ மிகச் சிலர். யாருக்கு முதலிற் சிகிச்சை செய்வது, யாரை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு கணமும் தீர்மானிக்க வேண்டிய நிலை. அக்கூட்டத்துள் ஒருவனேனும் பிறனுக்கு முன் தன்னைப் பார்க்குமாறு வேண்டவில்லை என்பதை அவர் தம் இறுதிக்காலம் வரை மறந்திலர். போரை வெறுக்கும் உள்ளம் அன்றே அவருக்கு அமைந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் மீண்டும் மலைகளை நாடினார். 1922-இல் ஜெனரல் புரூஸ் என்பாரின் தலைமையில், எவரெஸ்டு சிகரத்தில் ஏறுதற்கென்றே முதன்முதலாக ஒரு கூட்டம் புறப்பட்டபோது, சாமர்வெல்லும் அதில் இடம்பெற்றார். நேபாளம் அந்நாளில் அயலார்க்குக் கதவடைத்திருந்தமையின், திபெத்து நாட்டின் வழியே வடபுறமாகச் சென்றனர். அக்கூட்டத்தில் ஜார்ஜ் மல்லோரி என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரும் சாமர்வெல்லும் உற்ற நண்பராயினர். குளிர் நடுக்கும் கூடாரத்துள் இருவரும் ஷேக்ஸ்பியர் நாடகங்களை மாறி மாறிப் படித்து மகிழ்ந்தனர்.

அவ்வாண்டு மே மாதம் 21-ஆம் நாள் மல்லோரி, நார்ட்டன், சாமர்வெல் ஆகிய மூவரும் செயற்கைப் பிராணவாயுவின் துணையின்றி 26,985 அடி உயரத்தை எட்டினர். அதற்குமுன் மனிதர் எவரும் அத்துணை உயரம் ஏறியதில்லை. இறங்கும்போது, கூடாரத்திற் காத்திருந்த மோர்ஸ்ஹெட் என்பவரையும் சேர்த்து நால்வரும் ஒரே கயிற்றிற் பிணைந்து வந்தனர். இடையில் ஒருவர் கால்வழுவ, மற்றவரும் இழுபட்டுச் சறுக்கினர். மல்லோரி தம் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை அதிற் சுற்றிப் பிடித்தமையால் நால்வரும் பிழைத்தனர். சில நாட்களில் வேறிருவர் பிராணவாயுவின் துணையோடு இன்னும் மேலே சென்று திரும்பினர். சிகரமோ எட்டப்படவில்லை. எனவே மூன்றாம் முறை முயல்வதென்று முடிவு செய்தனர்.

இங்கேதான் நாம் சற்று நின்று நோக்கல் வேண்டும். அது ஜூன் மாதம். நம் நாட்டில் உழவர் எதிர்நோக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, இமயத்தின் உச்சியில் மழையாய்ப் பெய்யாது வெண்பனியாய்ப் பொழியும். ஜூன் 3, 4 தேதிகளில் பனி மிகுதியாய் விழுந்தது. ஏறுவோர் ஒரு நாள் காத்திருந்தனர்; 6-ஆம் நாள் வானம் தெளிந்து வெயில் காய்ந்தது. அவ்வெயிலால் புதுப்பனி இறுகியிருக்கும் என்று கருதினர். 7-ஆம் நாட்காலை மல்லோரி, சாமர்வெல், கிராபர்டு என்னும் மூவரும், சுமை தூக்கும் பதினால்வரும் வடக்குக் கணவாய்க்குச் செல்லும் சாய்வில் ஏறத் தொடங்கினர். ஏறும் வழியில் செங்குத்தான ஓரிடத்தில் பனியை மிதித்துச் சோதித்தும் பார்த்தனர், அது பெயரவில்லை. ஆதலின் அச்சம் நீங்கி மேற்சென்றனர்.

பதினெழுவரும் நான்கு கயிறுகளிற் பிணைந்து ஒருவர்பின் ஒருவராய் வரிசையாகச் சென்றனர். முதற்கயிற்றில் ஆங்கிலேயர் மூவரும் சுமையாள் ஒருவரும். பின்வந்த மூன்று கயிறுகளில் ஏனைய பதின்மூவர். பிற்பகல் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு வெடிமருந்து வெடித்தாற்போன்று ஓர் ஓசை எழுந்தது. காலடியிலிருந்த பனி முழுதும் கீழ்நோக்கி நகர்ந்தது. முதற்கயிற்றிலிருந்தோர் சிறிது தொலைவு இழுத்துச் செல்லப்பட்டுத் தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டனர். இரண்டாங் கயிற்றிலிருந்த நால்வரும் சற்றுக் கீழே உயிரோடு நின்றனர். கடைசி இரு கயிறுகளிலிருந்த ஒன்பதின்மரையும் பனி வாரிக்கொண்டுபோய், பனிக்கட்டிப் பாறையொன்றின் விளிம்பினின்று கீழே தள்ளி மூடியது. மேலிருந்தோர் விரைந்திறங்கிக் கைகளாலும் கோடரிகளாலும் தோண்டினர். இருவர் உயிரோடு மீட்கப்பட்டனர். அவருள் ஒருவர் ஏறத்தாழ நாற்பது நிமிடம் புதையுண்டு கிடந்தும் பிழைத்தது வியப்பே. எழுவர் மாண்டனர். அவர்களுடைய உடல்கள் மலையிலேயே இருக்கட்டும் என்று உடன் வந்த ஷெர்ப்பாக்கள் வேண்ட, அவ்வாறே விடப்பட்டன. அவர் நினைவாகக் கற்குவியல் ஒன்று எழுப்பப்பட்டது.

இப்பெருந்துன்பம் நிகழக் காரணம் யாது? பனி ஒரேநாளிற் படிவதன்று. ஒருமுறை விழுந்த பனியின்மேல் மற்றொருமுறை விழுந்து ஏடேடாய் அமைவது. பழஞ்சுவடியின் கட்டை அவிழ்த்துச் சாய்த்துப் பிடித்தால் ஓர் ஏட்டின்மேல் மற்றோர் ஏடு வழுக்குதல் போல, அடியிலுள்ள பழம்பனியோடு நன்கு ஒட்டாத புதுப்பனி, தன் எடையாலோ நடப்பார் எடையாலோ வழுக்கிவிடும். சாய்வு 30 பாகைக்குக் குறைந்தால் வழுக்குவது அரிது. 45 பாகைக்கு மிக்கால் பனி பெரிதும் தங்காது உதிர்ந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சாய்வே மிகக் கொடியது. ஏறுவோர்க்கு இனிய வழியாகத் தோன்றுவதும் அதுவே. குளிர்நாடுகளிலோ பருவத் தொடக்கத்தில் இன்னொரு தீங்கும் உண்டு. முதலில் விழும் மெல்லிய பனிப்போர்வையின்மேல் கடுங்குளிர் நிலவ, அடியிலுள்ள நிலத்தில் சிறிது வெப்பம் எஞ்சியிருக்கும். அவ்வேறுபாட்டால் அப்பனி தன் பிடிப்பை இழந்து, உப்பளத்துப் பரல்போல உதிரியாகிவிடும். பின்னர் விழும் கனத்த பனி அவ்வுதிரிப் பரல்களின்மேல் நிற்பது, மணல்மேல் எழுப்பிய வீடு நிற்பதை ஒக்கும். மேலே நோக்குவார்க்கு வெண்மையும் அமைதியும் அன்றி வேறொன்றும் தோன்றாது.

இந்நுட்பங்கள் 1922-இல் இன்றுபோல் ஆராய்ந்து தெளியப்பட்டில. இன்று பனிமலைகளிற் செல்வார் கைக்கொள்ளும் முறைகளை, அந்நாள் நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு நோக்கின் ஒவ்வொன்றின் பொருளும் நமக்கு விளங்கும். பெரும்பனி விழுந்தபின்னும், காற்றுப் பனியை வாரிக் குவித்தபின்னும் ஓரிரு நாளேனும் செங்குத்தான சாய்வுகளை விட்டு விலகியிருத்தல் வேண்டும் என்பது முதலாவது. அவர்கள் காத்ததோ ஒரு நாளே, பருவமழையின் பனியோ அளவிறந்தது. ஓரிடத்திற் பனி உறுதியாயிருப்பது கண்டு சாய்வு முழுதும் உறுதியெனக் கொள்ளலாகாது என்பது இரண்டாவது; சோதித்த இடத்தில் நின்ற பனியே மேலிடத்திற் பெயர்ந்தது. ஐயத்திற்குரிய சாய்வை ஒருவர் ஒருவராய்க் கடக்க, ஏனையோர் காப்பான இடத்தில் நின்று நோக்கல் வேண்டும் என்பது மூன்றாவது. அங்கோ பதினெழுவரும் ஒரே சாய்வில் ஒருங்கே நின்றனர். ஒவ்வொருவரும் இருப்பிடங்காட்டும் மின்கருவியும், பனியிற் குத்தித் தேடும் நீண்ட கோலும், மண்வாரியும் உடன்கொள்ளல் வேண்டும் என்பது நான்காவது. புதையுண்டார் பெரும்பாலும் முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுக்கப்பட்டாலே பிழைப்பர். அதன்பின் நம்பிக்கை விரைந்து குன்றும். வெளியிலிருந்து உதவி வருமுன் அவ்வேளை கழிந்துவிடுமாகையால், உடன் நிற்பாரே உயிர்காப்பார். எல்லாவற்றினும் அரிது ஐந்தாவது: சிகரம் கண்ணுக்குத் தோன்றும்போதும், வந்த வழியே திரும்பத் துணிதல். கருவியைக் கடையில் வாங்கலாம். இத்துணிவு அங்ஙனம் வாங்கத்தக்கதன்று.

மாண்டோர் எழுவரும் சுமையாட்களே. ஆங்கிலேயர் ஒருவரும் இறந்திலர். இவ்வுண்மை சாமர்வெல்லின் நெஞ்சிற் புண்ணாய் நின்றது. தம்மை நம்பி வந்தோர் மடிய, தம்முள் ஒருவரேனும் அவரோடு மடிந்திருக்கலாகாதா என்று அவர் அன்று ஏங்கியதைப் பின்னாளில் தம் நூலிலே வெளிப்படையாய் எழுதினார். மல்லோரியும் தம் கடிதங்களில் பழியைத் தம்மேலேயே ஏற்றுக்கொண்டார். சிகரத்தை விரும்பி ஏறியவர் மூவர். கூலிக்குச் சுமை ஏந்தி ஏறியவர் பதினால்வர். வழியைத் தேர்ந்தவர் மூவர். அத்தேர்வுக்கு உயிரை விலையாகத் தந்தவர் எழுவர். தலைமை ஏற்பார் யாவரும் இக்கணக்கை உள்ளத்தே எழுதிக்கொள்ளுதல் நன்று என்பது எம் கருத்து. 1924-இல் ஷாமோனி நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் அக்கூட்டத்தார்க்கு மலையேற்றப் பதக்கம் வழங்கப்பட்டபோது, மாண்ட எழுவரும் அதிற் சேர்க்கப்பெற்றனர். அது சிறு ஆறுதலே.

மலையினின்று இறங்கிய சாமர்வெல் உடனே தாய்நாடு திரும்பவில்லை. கையில் அறுபது பவுனுடன் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டு, தென்கோடியில் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரை அடைந்தார். அங்கே லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் தொடங்கிய மருத்துவப்பணி நடந்துகொண்டிருந்தது. கூடம் நிறையவும் வாசலிலும் நோயாளர் காத்திருக்க, தனியொரு ரணவைத்தியர் ஓய்வின்றி உழைத்து இளைத்திருப்பதைக் கண்டார். லண்டனில் அவருக்குப் பெருமைமிக்க பதவியொன்று காத்திருந்தது. ஆயினும் அங்கே தம்மைப்போல் பலர் உளர். இங்கே ஒருவரும் இலர் என்ற எண்ணம் அவரை விடவில்லை. சோம் ஆற்றங்கரையிற் கண்ட அதே காட்சி, போரில்லாத ஊரிலும் நாள்தோறும் நிகழ்வதை அவர் உணர்ந்தார் போலும். எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்றோர் இருவர், நின்றவன் ஒருவன். சாமர்வெல் நின்றார். 1923-இல் மருத்துவ மிஷனரியாய் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே எவரெஸ்டு மலை மீண்டும் அவரை அழைத்தது. இம்முறை கூட்டத்தார் 1922-இல் உயிர்ப்பலி கொண்ட சாய்வைத் தவிர்த்து, கடினமாயினும் காப்புடையதென்று கருதிய வேறு வழியைத் தேர்ந்தனர். எனினும் மே மாதத்தில் கடும்பனி விழ, சுமையாட்கள் நால்வர் வடக்குக் கணவாயிற் சிக்கிக்கொண்டனர். கீழிறங்கக் கடக்கவேண்டிய பனிச்சாய்வைக் கண்டு அவர் அஞ்சினர். அவருள் இருவர்க்குக் கைகால்கள் குளிரால் மரத்திருந்தன. சிகரம் ஏறும் வலிமையைச் சேமித்து வைத்தல் வேண்டும் என்று கருதியிருப்பின் அந்நால்வரும் மாண்டிருப்பர். நார்ட்டனும் மல்லோரியும் சாமர்வெல்லும் மூவருமாய் அவரை மீட்கப் புறப்பட்டனர்.

ஐயத்திற்குரிய கடைசிச் சாய்வில் சாமர்வெல் ஒருவரே முன்சென்றார். மற்ற இருவரும் காப்பான இடத்தில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தனர். கயிறு 200 அடி நீளமே. நால்வரும் நின்ற இடத்திற்கு ஏறத்தாழ 30 அடி முன்னே அது தீர்ந்துவிட்டது. ஒருவர் ஒருவராய் வருமாறு அழைக்க, முதலிருவரும் நலமே வந்துசேர்ந்தனர். பின்னிருவரும் பொறாது ஒருங்கே புறப்பட்டமையால் பனி பெயர்ந்து அவரைச் சறுக்கிச் சென்றது. இறையருளால் சில கெஜ தூரத்தில் நின்றனர். சாமர்வெல் தம் இடையினின்று கயிற்றை அவிழ்த்து, கோடரியைப் பனியில் ஆழ ஊன்றிக் கயிற்றை அதிற் சுற்றி, ஒரு கையால் அதன் நுனியைப் பற்றிக்கொண்டு, மறுகையை நீட்டி அவ்விருவரையும் கழுத்துப்புறத்தே பிடித்து ஒவ்வொருவராய் இழுத்தார். நால்வரும் உயிரோடு கீழே வந்தனர். 1922-இல் ஒருங்கே நின்றமையால் உயிர்கள் மாண்டதும், 1924-இல் ஒருவர் முன்செல்ல இருவர் நின்று காத்தமையால் உயிர்கள் பிழைத்ததும் அருகருகே வைத்து எண்ணத்தக்கன. சாமர்வெல்லின் மலைச்செயல்களுள் இதனையே நாம் தலையாயது என்போம்.

சில நாட்களுக்குப்பின் ஜூன் 4-ஆம் நாள் அவரும் நார்ட்டனும் பிராணவாயுவின்றிச் சிகரம் நோக்கி ஏறினர். ஏறத்தாழ 28,000 அடியில் தொண்டைப்புண்ணால் மூச்சுவிட இயலாது சாமர்வெல் அமர்ந்துவிட்டார். நார்ட்டனைத் தனியே போகுமாறு விடுத்தார். நார்ட்டன் 28,126 அடியை எட்டித் திரும்பினார். இறங்கும் வழியில், குளிரால் வெந்த தொண்டையின் உட்சவ்வு கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. முன்னே சென்ற நார்ட்டன் அதனை அறிந்திலர். கூவி அழைக்கவும் குரலில்லை. இறப்பதே முடிவென்று பனியில் அமர்ந்த சாமர்வெல், கடைசி முறையாகத் தம் மார்பை இரு கைகளாலும் அழுத்தி இரும, அடைப்பு வெளிப்பட்டு உயிர் மீண்டது. நான்கு நாட்களுக்குப்பின் ஜூன் 8-இல் அவர் நண்பர் மல்லோரியும் இளைஞர் இர்வினும் சிகரம் நோக்கிச் சென்று திரும்பாதொழிந்தனர். மல்லோரியின் உடல் 1999-ஆம் ஆண்டிலேதான் மலைமேற் காணப்பட்டது.

சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். 1925-இல் மார்கரெட் ஹோப் சிம்சன் அம்மையாரை மணந்தார். உலகின் மிக உயர்ந்த மலையில் நின்ற கால்கள், பனைகளும் தென்னைகளும் சூழ்ந்த சமநிலத்திற் கால்நூற்றாண்டுக்கு மேல் நடந்தன. அவ்வட்டாரத்தில் குடற்புண்ணால் வருந்துவார் மிகப் பலர். அந்நோய்க்குரிய ரணசிகிச்சையில் அவர் பெருந்தேர்ச்சி பெற்று, தாம் கண்ட உண்மைகளை நூலாகவும் வெளியிட்டார். தாழ்த்தப்பட்டாரும் உயர்ந்தோரும் ஒரே கூடத்தில் ஒரே கையால் சிகிச்சை பெற்றனர். ஓய்வுவேளையில் ஓவியம் தீட்டினார். திபெத்திற் கேட்ட நாட்டுப்பாடல்களின் இசையை எழுதிவைத்திருந்தமையின், எவரெஸ்டைப் பற்றிய திரைப்படத்திற்கு அவ்விசையையே அமைத்துக் கொடுத்தார். கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் அவர்க்கு அளிக்கப்பட்டது. 1949 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரணவைத்தியப் பேராசிரியருள் ஒருவராயிருந்து, இந்திய இளைஞர் பலரைத் தம் தொழிலிற் பயிற்றினார். 1961-இல் ஓய்வுபெற்றுத் தாய்நாடு சென்றார். லண்டன் மலையேறுவோர் சங்கமாகிய ஆல்பைன் கிளப் அவரைத் தன் தலைவராக்கிப் பெருமை கொண்டது. 1975-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஆம்பிள்சைடு என்னும் ஊரில், தாம் இளமையில் ஏறிய குன்றுகளின் நடுவே, அவர் உயிர் நீத்தார். கேரளத்துக் காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றை மலையேற்றத்தின் புகழ்க்கதையாகக் கொள்வாரும் உளர். மிஷனரி ஊழியத்தின் கதையாகக் கொள்வாரும் உளர். இரண்டும் ஒன்றே என்று நாம் கருதுகின்றோம். பனிச்சாய்வில் அவர் கற்றது, தம் கயிற்றிற் பிணைந்தோரின் உயிர் தம் கையிலுள்ளது என்பதே. அப்பாடத்தின் விலை எழுவர் உயிர்; அதனை அவர் ஒருநாளும் மறந்திலர். 1924-இல் நால்வர் பொருட்டுச் சிகரத்தை ஒருபுறம் வைத்ததும், லண்டன் பதவியை விடுத்து நெய்யூர்க் கூடத்தில் நின்றதும் ஒரே நெஞ்சின் செயல்களாம். நம் தமிழ்நிலத்திற் பனிச்சரிவு இல்லை. ஆயினும் ஆசிரியராய், மருத்துவராய், அலுவலராய் நாளை நாம் ஏறவிருக்கும் சாய்வுகள் பல. அங்கெல்லாம் நம்பின்னே சுமையேந்தி வருவோர் இருப்பர். வழியைத் தேருமுன் அவர் முகத்தை ஒருமுறை திரும்பி நோக்கக் கற்போமாயின், சாமர்வெல் வரலாற்றைப் படித்த பயன் நமக்கு உண்டு.